ஒரே பீப்பாய், இரண்டு விலை

ஜனவரி 14

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால், "கஸ்டமர் வந்துட்டாங்க அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்க்க நகரத்துக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நம் ஒயின் உன் பெரிய கடையில் எப்படி வீற்றிருக்கிறது என்று ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஆசை. நீ சாப்பிடப் போயிருப்பதாகக் கல்லாப் பெண் சொன்னாள். சரி, நானே தேடிக்கொள்கிறேன் என்றேன்.

சொட்டு மருந்து விட்ட கண்ணோடு தேடினேன். கண் மட்டத்தில் இல்லை. மேல் தட்டில் இல்லை. விளக்குப் போட்டு, நகைக்கடை மாதிரி ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறீர்களே, அதில் இல்லவே இல்லை. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? தரையை ஒட்டிய தட்டில், தரை துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில், தோளெல்லாம் தூசியோடு. கழுத்தில் மஞ்சள் விலைச் சீட்டு: 9.

நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மாள் வந்தாள். "சமையலுக்கு ஊத்த மலிவா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். உன் விற்பனையாளர், அந்த உயரமான ஆள், ஷூ முனையால் நம் பாட்டிலைக் காட்டி, "இது போதும்மா. குடிக்கிறதுக்குத்தான் யோசிக்கணும்" என்றான்.

ஷூ முனையால், பாப்பா.

பத்தொன்பது வருஷமாக நானும் உன் அண்ணனும் அந்தத் திராட்சைச் சரிவில் முதுகை ஒடித்துக்கொள்கிறோம். எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற மேலாளர் நீ. யாரோ செய்தார்கள் என்று நழுவ முடியாது. ஒரு மாதத்துக்குள் என் பாட்டில் மனிதர்கள் பார்க்கும் உயரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் எல்லாப் பெட்டியையும் திருப்பி அனுப்பு. வண்டிக் கூலி நான் தருகிறேன்.

அண்ணி

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணி,

அந்த விற்பனையாளரிடம் பேசிவிட்டேன். இனி கையால் காட்டுவார்.

நீங்கள் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனது எனக்கு வருத்தம். அரை மணி நேரம் இருந்திருந்தால் நேரிலேயே திட்டியிருக்கலாம்.

கண் மட்டத்துத் தட்டு என் கையில் இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த இடத்துக்கு மாத வாடகை கட்டுகின்றன. முதலாளி அதை அடி கணக்கில் விற்கிறார். என் கையில் இருப்பது மிச்சம்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், கண் மட்டத்தில் வைத்தாலும் உங்கள் ஒயின் விற்காது. கோபப்படாமல் படியுங்கள். பதினொரு வருஷமாக அந்தக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பயம். மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்க முடியாது. அப்புறம் எதை வைத்து முடிவு செய்வார்கள்? விலையை வைத்து. தெரியாதவர் கையில் இருக்கிற ஒரே அளவுகோல் அதுதான். தனக்கென்றால் கீழே குனிவார்கள். அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக என்றால் குனியவே மாட்டார்கள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. இருப்பதிலேயே மலிவானதை எடுக்க வெட்கப்பட்டு அதற்கு அடுத்த விலையை எடுப்பார்கள். அது முதலாளிக்குத் தெரியும். அதனால் கடைக்கு அதிக லாபம் தருகிற மட்டமான சரக்கை அங்கேதான் நிறுத்தச் சொல்வார்.

உங்கள் ஒயினில் ஒரு குறையும் இல்லை அண்ணி. அதன் குறை அந்த ஒன்பதுதான். பாட்டில், தக்கை, வண்டி, வரி, கடையின் பங்கு எல்லாம் போனால் அந்த ஒன்பதில் ஒயினுக்கென்று மிஞ்சுவது ஒன்றே கால். இருபது வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கனமான பாட்டிலில் அடையுங்கள். விலை கூடினால் விற்காது என்று நினைக்கிறீர்கள். விலை குறைவாக இருப்பதால்தான் விற்கவில்லை.

பாப்பா

*

பிப்ரவரி 6

பாப்பாவுக்கு,

கனமான பாட்டிலா? கண்ணாடியையா குடிக்கப் போகிறார்கள்?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எழுதியதன் சாரம் இதுதானே: ஜனங்களுக்கு ருசி தெரியாது, அதனால் அவர்களை ஏமாற்று. இதை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுத உன்னால் எப்படி முடிந்தது?

அந்த ஒன்பது சும்மா வந்த எண் இல்லை. கூலி, மருந்து, கொடி கத்தரிப்பு, பிழியும் கொட்டகை வாடகை எல்லாம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. பறிக்க வருகிறவர்கள் அறுவடை முடிந்து போகும்போது வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். தாங்கள் பறித்ததைத் தாங்களே வாங்க முடிகிற ஒரே தோட்டம் நம்முடையதுதான். மேலே இருக்கிற எஸ்டேட்டில் அவர்கள் பறிக்கிறதை அவர்கள் கனவில்தான் குடிக்கலாம். நான் இருபது வைத்தால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

உனக்கு இன்னொரு சேதியும் சொல்ல வேண்டும். போன கோடையில் கல் மழை மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது, தெரியும். அது தெரிந்துதான் எஸ்டேட் மேனேஜர் போன வாரம் ஒரு காகிதத்தோடு வந்தார். முழுச் சரிவையும் எடுத்துக்கொள்கிறார்களாம். உன் அண்ணன் அதைக் கிழித்துப் போடவில்லை. மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஆகவே எனக்கு உன் பொருளாதாரப் பாடம் வேண்டாம். பாட்டில்கள் விற்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணி

*

ஏப்ரல் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தத் தடவை அன்புள்ள என்று போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் அண்ணன் போன மாதம் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, இருநூறு பெட்டிக்கு ஆர்டர் என்றபோது நான் நம்பவில்லை. நேற்று லாரி வந்து முதல் எண்பது பெட்டியை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் நம்பினேன். அதுவும் வழக்கமான விலையைவிட இரண்டு மடங்கு! ஏதோ ஓட்டல்காரர்களுக்கு என்றார். லேபிள் ஒட்ட வேண்டாம், அவர்களே ஒட்டிக்கொள்வார்கள் என்றார். ஓட்டல்காரர்கள் இவ்வளவு தாராளமானவர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிழியும் இயந்திரத்துக்குப் புதுத் திருகு வாங்கியாயிற்று. பழையது போன வருஷம் அறுவடை நடுவில் இறுகிக்கொண்டு என்ன பாடு படுத்திற்று, ஞாபகம் இருக்கிறதா? தோலும் சாறும் இரண்டு நாள் அதிகமாகச் சேர்ந்து ஊறி, அந்த வருஷத்து ஒயின் முழுக்க விழுங்கிய பிறகு நாக்கை ஒரு பிடி பிடிக்கும். இப்போது போனது அந்தச் சரக்குதான். ஓட்டல்காரர்கள் குறை சொன்னால் என்னிடம் சொல், மறைக்காதே.

ஜனவரியில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். கொஞ்சம்தான்.

அண்ணி

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணி,

யாரும் குறை சொல்லவில்லை. நன்றாகப் போகிறது.

இங்கே வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன். எழுத வேண்டியது இருக்கிறது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாப்பா

*

ஜூலை 8

மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பல் டாக்டரை உனக்குத் தெரியும். உன் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். புது வீடு கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் பாதிப் பேரை அழைத்திருந்தார். நாங்கள் வெறுங்கையோடு போக முடியுமா? நம் பாட்டில் இரண்டு கொண்டுபோனோம். "எதுக்கு சிரமம்" என்று வாங்கினார். வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே சமையலறை மேடைக்குக் கீழே வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு கறுப்புப் பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் பொன் நிற மெழுகு. அடிப்பாகம் அம்மிக்குழவி கனம். "ஒரு பாட்டில் நாற்பத்தெட்டு. அதுவும் கிடைக்கிறதில்லை, தெரிஞ்சவங்க மூலமாத்தான்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்ததைப் படித்தார்: பனி இறங்கும் பழைய கல் மதில்களின் மௌனத்தில் விளைந்ததாம். எங்கள் சரிவில் மௌனம் எங்கே இருக்கிறது? காலையிலிருந்து சாயங்காலம் வரை பம்பு செட் கத்துகிறது.

எனக்கு ஊற்றும்போது, "உங்களுக்கு இந்த மாதிரி பழக்கம் இருக்காது. மெதுவா, வாய்ல கொஞ்ச நேரம் வச்சிருந்து விழுங்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

வாயில் வைத்தேன். விழுங்கினேன். நாக்கை ஒரு பிடி பிடித்தது.

பாப்பா, பெற்ற பிள்ளை மாறுவேஷம் போட்டுக்கொண்டு வந்தால் தாய்க்குத் தெரியாமல் போகுமா? அந்த இறுகிப்போன திருகை உன் அண்ணனோடு சேர்ந்து நெம்பியவள் நான். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "கடைசியில ஒரு பிடிப்பு வருது பாருங்க, அதுதான் பரம்பரை" என்றார். பரம்பரையாம்! துருப்பிடித்த திருகு!

"டாக்டர், இது எங்க ஒயின்" என்றேன்.

மேசை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. டாக்டர் மனைவி என் கையைத் தட்டிக் கொடுத்து, "உங்களுதும் நல்லாத்தான் இருக்கும், தினப்படிக்கு" என்றாள். நான் உன் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஆமாம்" என்று ஒன்று. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. ஓட்டல்காரர்கள்!

வீடு வரை நாங்கள் பேசவில்லை. இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது, இன்னும் பேசவில்லை. என் படுக்கையைப் பீப்பாய் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

சபையில் உண்மையைச் சொல்லிப் பொய்க்காரி ஆனேன். அதற்கு ஏற்பாடு செய்தது என் புருஷனும் அவர் தங்கையும். என்ன பதில் சொல்லப் போகிறாய்?

*

ஜூலை 17

அண்ணி,

நான் செய்ததுதான். மறுக்கவில்லை.

அண்ணன் மார்ச்சில் வந்தபோது நேராகச் சரக்கு அறைக்கு வந்து ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். சட்டைப் பையில் அந்த எஸ்டேட் காகிதம் இருந்தது. "கையெழுத்துப் போட்டுடலாமான்னு இருக்கு பாப்பா. அவகிட்ட சொல்லத் தெம்பு இல்ல" என்றார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். முதலாளியிடம் போய்ப் பேசினேன். அவருக்குப் புதிதாக ஒரு விலையுயர்ந்த லேபிள் வேண்டியிருந்தது, எனக்கு ஒரு ஒயின் வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை. அந்தக் கல் மதில் வாக்கியத்தையும் நான்தான் எழுதினேன். எழுத நாலு நிமிஷம் ஆயிற்று.

ஆனால் ரோஷம் உங்களுக்கு மட்டும்தான் உண்டு என்பதுபோல எழுதுகிறீர்கள். சரிவு இன்னும் உங்கள் பேரில் இருக்கிறதென்றால் அந்தக் கறுப்பு லேபிளால்தான். புதுத் திருகு எந்தப் பணத்தில் வந்தது? ஒன்பது என்று எழுதி வைத்துக்கொண்டு நேர்மையாக உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நேர்மைக்கு யார் காவல் நிற்பது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? பதினொரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "உனக்கு எந்த ஒயின் பிடிக்கும் பாப்பா?" என்று நம் வீட்டில் யாராவது என்னைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு உங்களுடையதுதான் பிடிக்கும். அது தரைத் தட்டில் கிடப்பதைப் பார்த்துத் தினமும் வயிறெரிந்தவள் நான். நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தீர்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். இதை அண்ணனிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பஸ் டிரைவர் வருவார். ஐந்தாறு வருஷமாக உங்கள் ஒன்பது ரகத்தில் ஒரு பாட்டில் எடுப்பார். குனிந்து எடுக்க வெட்கப்படாத ஆள். "இதைக் குடிச்சா அன்னைக்கு ஓட்டின ரோடெல்லாம் மறந்துடும்" என்பார். மே மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி, "நல்லதா ஒண்ணு கொடுங்க, தலை குனியக் கூடாது" என்று கடையில் கேட்டிருக்கிறார். நான் விடுமுறையில் இருந்தேன். அந்த உயரமான ஆள் கறுப்பு லேபிளில் ஆறு பாட்டில் விற்றுவிட்டான்.

அடுத்த வெள்ளி என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "அடேயப்பா மேடம், என்ன வித்தியாசம்! இத்தனை வருஷமா நான் குடிச்சது ஒயினே இல்லைன்னு இப்பதான் தெரியுது."

அன்றிலிருந்து ஒன்பது ரகத்தை அவர் வாங்குவதில்லை. வாயில் வைக்க முடியவில்லையாம். நாற்பத்தெட்டுக்கு வழியும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சும்மா வந்து கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பாப்பா

*

ஜூலை 23

பாப்பா,

பல் டாக்டரை விடு. அவருக்கு நாற்பத்தெட்டு கொடுத்த பெருமை, எனக்கு ஒரு நல்ல கதை. உன் அண்ணனைக்கூட விடுகிறேன், இப்போதைக்கு. அந்த டிரைவரை விட முடியாது.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். ஒரு மனுஷர் வாரம் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை என் ஒயினைக் குடித்துச் சந்தோஷமாக இருந்திருக்கிறார். நான் யாருக்காக அந்த ஒன்பதை வைத்தேனோ, அவர்தான் இவர். என்னைத் தெரியாது, என் பேர் தெரியாது, ஆனால் ருசி தெரிந்திருக்கிறது. நாம் அவரிடம் அவருடைய ஒயினையே ஐந்து மடங்குக்கும் மேல் விலைக்கு விற்றோம். அது திருட்டு. அதற்கப்புறம் அவர் நாக்கிலிருந்து பழையதையும் எடுத்துவிட்டோம். அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நீ அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டிலையும் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். ஆறு பாட்டிலின் வித்தியாசத்தை ஒரு உறையில் போட்டுக் கொடு. நம் பங்கிலிருந்து நான் அனுப்புகிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்குள் நீ சொல்லவில்லையென்றால், நானே வந்து உன் கடை வாசலில் இரண்டு பாட்டிலோடு நின்று, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பேன். எனக்கு வெட்கம் கிடையாது. உனக்குத் தெரியும்.

மீதிப் பெட்டிகளைக் கொடுக்க மாட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

உனக்கு என் ஒயின்தான் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத இப்போது என்னால் முடியாது.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அண்ணி,

சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அவரைப் பின்பக்கம் சரக்கு அறைக்கு அழைத்துப்போனேன். இரண்டு டம்ளரில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் குடிக்கச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி குடித்தார். ஒன்றைக் காட்டி, "இதுதான் மேடம் கறுப்பு. சந்தேகமே இல்ல" என்றார். அது தரைத் தட்டிலிருந்து எடுத்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஒரே பீப்பாய் என்று. அவர் மறுபடி இரண்டையும் குடித்துப் பார்த்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சொன்னீங்க?" என்றார்.

நான் உறையை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"அன்னைக்கு சம்பந்தி ஒரு வாய் குடிச்சிட்டு, பாட்டிலைத் திருப்பிப் பார்த்துட்டு, 'நல்ல எடத்துலதான் பொண்ணு எடுக்கிறோம்'னாரு. என் பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. என் ஆயுசுல எங்களைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்ல. அந்தக் காசு அதுக்குத்தான் மேடம் கொடுத்தேன். ஒயினுக்கா கொடுத்தேன்? இப்ப நீங்க அதையும் பிடுங்கிக்கிட்டீங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பி, "சம்பந்தி எப்பவாவது இந்தக் கடைக்கு வந்தா, சொல்லிடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

உயரமான ஆள் வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். வாடிக்கையாளரிடம் கடையின் நம்பிக்கையைக் கெடுத்தேனாம். நம்பிக்கையை! பதினொரு வருஷத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தார்கள், சாமான்களை அள்ளிக்கொள்ள. கறுப்பு லேபிளை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். "ஏன் நிறுத்தணும்? லேபிள் என்னோடது. அடுத்த மாசம் எஸ்டேட் சரக்கு வருது, அதுல ஒட்டுவோம்" என்றார். மீதிப் பெட்டிகள் வேண்டாமாம். அண்ணனோடு போட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். அந்த ஆள் இரண்டாம் தடவையும் ஏமாந்தார், எனக்கு வேலை போயிற்று, உங்கள் ஒயினுக்கு இப்போது தரைத் தட்டும் கிடையாது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. உங்களுக்குச் சந்தோஷமா?

பாப்பா

*

செப்டம்பர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

சந்தோஷம் இல்லை.

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும் யாரையாவது திட்டித்தான் ஆரம்பித்தேன். முதலில் அந்த டிரைவரை. திருட்டுக் கொடுத்தவர் திருடியவர்களைப் பார்த்து ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டால் என்ன செய்வது? பிறகு அந்தச் சம்பந்தியை. ஒரு பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறவன் என்ன மனுஷன்? அப்புறம் உன் முதலாளியை, அது நாலு பக்கம் வந்தது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். கடைசியில் மிஞ்சியது நான்தான். நீ அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் துடித்தது அவருக்காகவா, அந்த மேசையில் என்னை யாரும் நம்பவில்லை என்பதற்காகவா? பாதிப் பாதி இருக்கும். அந்த இன்னொரு பாதிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுதும்போது பேனா எவ்வளவு கனமாக இருக்கிறது தெரியுமா!

உன் அண்ணன் பேசினார். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பீப்பாய் அறைக்கு வந்து நின்றார். "அந்த ஆளுக்கு அன்னைக்கு மரியாதை வேண்டியிருந்துச்சு. நம்ம பாட்டில்ல அது இல்ல, நாம அதை வைக்கவே இல்ல" என்றார். "ரொம்ப நல்லாப் பேசறீங்க. இதுல கால்வாசியைப் பல் டாக்டர் வீட்டுல பேசியிருக்கலாம்" என்றேன். "பேசியிருக்கணும்" என்றார். மறுநாள் தானாகவே போய்ப் பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் நம்பினாரா என்று கேட்டேன். "என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்" என்றார். பெண்டாட்டிக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். படுக்கையைத் திரும்ப மாற்றிக்கொண்டேன்.

கீழ்ச் சரிவை எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிட்டோம். பதினொரு வரிசை. கையெழுத்து என்னுடையதும் சேர்த்து. மேல் சரிவு நம்முடையதுதான். அதை வைத்துக்கொண்டு விலையை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். உன் அண்ணனுக்கும் எனக்கும் கூலி என்று ஒன்றை நான் இத்தனை வருஷமும் போடவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போட்டேன். பதினாலு வருகிறது. பறிக்கிறவர்களுக்கு மட்டும் பழைய ஒன்பது. நீ சொன்ன இருபது இல்லை. சிரிக்காதே.

தோட்டத்து வாசலில் ஒரு மேசை போட்டு நானே விற்கிறேன். ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விலை சொல்வது. நேற்று ஒரு காரில் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள், சின்ன வயசு. குடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அவர்களாகவே சொன்னார்கள். பதினாலு என்றேன். அந்தப் பெண் தயங்கி, "இதைவிட விலை கூடுனது இருக்குதுங்களா? இவரோட ஆபீசர் வீட்டுக்குக் கொண்டுபோகணும்" என்றாள். என் நாக்கு நுனியில் என்னென்ன வந்தது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. "இல்லைம்மா, எங்ககிட்ட இது ஒண்ணுதான்" என்றேன். காருக்குள் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார்கள். ஜன்னல் வழியாகக் கை ஆடுவது தெரிந்தது. பிறகு அவள் மட்டும் இறங்கி வந்து இரண்டு பாட்டில் வாங்கினாள். பணத்தைக் கொடுத்துவிட்டு, மிகவும் சின்னக் குரலில், "இந்த விலைச் சீட்டை மட்டும் எடுத்துத் தர முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

அறுவடைக்கு ஆள் போதவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர். எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்காதே, உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

எடுத்துக் கொடுத்தேன், பாப்பா. நகத்தால் சுரண்டி, பசை போகவில்லை என்று எச்சில் தொட்டுத் துடைத்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் எடுத்துக் கொடுத்தேன்.

உன் அண்ணி